தூத்துக்குடியில் ஒரு சனி, ஒரு ஞாயிறு: மீன் என்றைக்கு, ஊர் என்றைக்கு?

கேள்வி இதுதான். சென்னையில் வேலை பார்க்கிற கணவன் மனைவி நீங்கள். ஒரு வாரக் கடைசியில் தூத்துக்குடிக்கு வந்து ஊரும் பார்க்க வேண்டும், நல்ல மீனும் சாப்பிட வேண்டும். உங்களுக்கு மீன் என்றால் உயிர். மனைவிக்கும் பிடிக்கும், ஆனால் முள் என்றால் பயம். பனிமய மாதா கோயில், முயல் தீவு, திருச்செந்தூர், மணப்பாடு, கொற்கை, எட்டயபுரம், கன்னியாகுமரி என்று ஒரு பட்டியலும் வைத்திருக்கிறீர்கள். "சனிக்கிழமை முழுக்கச் சுற்றிவிட்டு, ஞாயிறு மதியம் நிதானமாக மீன் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படியே திருப்பிப் போடுங்கள். சனிக்கிழமை மீன், ஞாயிற்றுக்கிழமை ஊர். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

காரணம் எளிது. தூத்துக்குடியில் கடல் தொழில் செய்கிறவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். ஞாயிறு பூசைக்கு உரிய நாள், அன்று பொதுவாகக் கடலுக்குப் போக மாட்டார்கள். வார நடுவில் போய்க் கடலிலேயே தங்கித் தொழில் செய்கிற நாட்டுப்படகுகளும் சனிக்கிழமை கரைக்கு வந்துவிடும். அதனால் திரேஸ்புரம் கடற்கரையில் வாரத்திலேயே அதிகமாக மீன் வந்து குவிகிற நாள் சனிக்கிழமைதான். உள்ளூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கான மீனை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஞாயிறு மதியம் ஹோட்டலில் உங்களுக்கு வைக்கிற மீன், பெரும்பாலும் முந்தின நாள் வந்து ஐஸில் கிடந்தது. கெட்டுப்போன மீன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வருவது அந்த மீனுக்காக இல்லையே.

அடுத்து, பட்டியலைக் குறைப்போம். கன்னியாகுமரியை எடுத்துவிடுங்கள். கடற்கரைச் சாலை வழியாகப் போனாலும் 130 கிலோமீட்டர் ஆகும், போய்வரவே ஒரு பகல் போய்விடும். எட்டயபுரம் பாரதி பிறந்த ஊர், கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். ஆனால் அது மதுரைச் சாலையில் இருக்கிறது. காரில் வருகிறவர்கள் வழியில் நின்று பார்க்கலாம், ரயிலில் வருகிற உங்களுக்கு எதிர்த்திசை. கொற்கை பழைய பாண்டியர் துறைமுகம். சங்கப் பாட்டில் முத்துக்குப் பெயர் போன அந்த ஊர் இன்றைக்குக் கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த மண் கடலைத் தள்ளிவிட்டது. வரலாற்றில் ஈடுபாடு இருந்தால் அதையும் ஆதிச்சநல்லூரையும் சேர்த்துத் தனியாக ஒரு நாள் வையுங்கள். மற்றவர்களுக்கு அது ஒரு வன்னி மரமும் குளமும் வயலுமாகத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் சனிக்கிழமை காலையில் இங்கே இறங்கிவிடலாம். ஞாயிறு இரவு அதே பெயர் கொண்ட ரயிலில் திரும்பிவிடலாம். இரண்டு பகலும் முழுதாகக் கையில் இருக்கும். வாரக் கடைசி என்பதால் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். விமானத்திலும் வரலாம். வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்த பிறகு அங்கே வசதி கூடியிருக்கிறது. ஆனாலும் இந்த ஊருக்கு ரயிலில் வருவதில் ஒரு பொருத்தம் உண்டு. 1914-ல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை கொழும்புக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குத்தான் ரயிலில் வந்தார்கள். தங்குவதற்குப் பழைய ஊர்ப் பக்கம் அறை எடுங்கள். கடற்கரைச் சாலை, பெரிய கோயில், பேக்கரிகள் எல்லாமே ஆட்டோவுக்குப் பக்கம். புறவழிச்சாலை ஓரத்துப் பெரிய ஹோட்டல்களில் அறை நன்றாக இருக்கும், ஆனால் எதற்கெடுத்தாலும் வண்டி வேண்டும்.

சரி, சனிக்கிழமை. குளித்துவிட்டு, டிபனை லேசாக முடித்துக்கொண்டு, திரேஸ்புரம் போங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் போனால் நல்லது. இது சுற்றுலாத் தலம் இல்லை. நுழைவுச்சீட்டு கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, காலுக்குக் கீழே ஈரமும் செதிலும் கிடக்கும். நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

கரையில் வந்து நிற்கிற படகிலிருந்து மீனை இறக்கி, தார்ப்பாயிலும் வெறுந்தரையிலும் வகை வகையாகப் பிரித்துப் போடுவார்கள். ஏலம் கூறுகிறவர் ஒரு குவியல் முன்னால் வந்து நின்றதும் சுற்றி ஒரு வட்டம் கூடிவிடும். ஒருவர் தொகை சொல்வார். அடுத்தவர் தலையை மட்டும் அசைப்பார். இன்னொருவர் குனிந்து ஒரு சீலாவின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். மொத்தமும் ஒரு நிமிஷத்தில் முடிந்து, மீன் கூடைக்குப் போய், அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் விழும். ஏலம் எடுத்த பெண்கள் அங்கேயே அலுமினியச் சட்டியில் வைத்துச் சில்லறையாகவும் விற்பார்கள். நீங்கள் வாங்க வேண்டியது அவர்களிடம். ஏல வட்டத்துக்குள் நுழைந்து நடுவில் நின்று போன் பிடிக்காதீர்கள், அது அவர்களுடைய வாரக் கூலி முடிவாகிற நேரம். ஓரமாக நின்று பாருங்கள். படம் எடுக்க வேண்டும் என்றால் "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா" என்று கேட்டால் போதும், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள்.

பெயர்கள் உங்களைக் கொஞ்சம் குழப்பும். சென்னையில் வஞ்சரம் என்பது இங்கே சீலா. வவ்வால் இங்கே வாவல், மத்தி சாளை, கடம்பா கணவாய். விளைமீன், ஊளி, பாறை, கலவா, முரல், காரல் எல்லாம் இந்தக் கரையின் அன்றாட மீன்கள். விலை வாரத்துக்கு வாரம் மாறும். சீலா கிலோ ஆயிரத்தைத் தாண்டுகிற சனிக்கிழமைகளும் உண்டு, அதே நாளில் சாளை கொள்ளை மலிவாகக் கிடைக்கும்.

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள்: "தூண்டில் மீனா?" தூண்டிலில் பிடித்த மீன் ஒவ்வொன்றாக மேலே வருகிறது. விசைப்படகின் இழுவலையில் வருகிற மீன், மற்ற மீன்களோடு நெருக்குண்டு, நசுங்கி, நேரங்கழித்து மேலே வருகிறது. சதையின் இறுக்கத்திலேயே அந்த வித்தியாசம் தெரியும், விலையிலும் தெரியும். கண் குழியாமல் பளிச்சென்று புடைத்திருக்க வேண்டும். செவுள் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். வயிற்றை விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மறைய வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் வேறு சான்றிதழ் வேண்டாம்.

வாங்கி என்ன செய்வது? அறை எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்களில் மீனைக் கொடுத்தால் சமைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், லாட்ஜுகளில் அது நடக்காது. சமைத்துத் தர ஆள் கிடைத்தால் இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த சாப்பாடு அதுதான். கரையிலேயே காசு கொடுத்தால் அரிவாள்மனையில் செதில் நீக்கி, உங்கள் கண்முன்னால் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். சீலாவுக்கு "வட்டத் துண்டு, மெல்லிசா வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்து மீன்குழம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னைக் குழம்பை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் முதல் வாயில் ஏமாற்றமாக இருக்கும். இங்கே தேங்காய்தான் அடிப்படை. தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், மிளகாய், மல்லி எல்லாவற்றையும் வெண்ணெயாக அரைத்துப் புளித்தண்ணீரில் கரைத்து, அது கொதித்த பிறகுதான் மீனைப் போடுவார்கள். மீன் விழுந்த பிறகு கரண்டி உள்ளே போகாது. சட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவதோடு சரி. மாங்காய் கிடைக்கிற மாதங்களில் புளியைக் குறைத்து மாங்காயைக் கீறிப் போடுவார்கள். அந்தக் குழம்பில் வெந்த மாங்காய்த் துண்டுக்கு வீட்டில் சண்டையே நடக்கும். சாளைக்குத் தனி முறை உண்டு. பச்சை மிளகாயும் தேங்காயும் கொரகொரப்பாக அரைத்து, தண்ணீர் அதிகம் விடாமல் சட்டியோடு ஒட்ட வைக்கிற அவியல். உங்களைப் போல முள்ளைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். விலையைப் பார்த்து மீனை எடைபோடாதீர்கள், ருசியில் சாளைக்கு ஈடாக இந்தக் கடலில் வெகு சில மீன்கள்தான் உண்டு.

உங்கள் மனைவிக்கு என் பரிந்துரை வேறு. சீலாவில் நடுமுள் மட்டும்தான், பயப்பட ஒன்றுமில்லை. கலவா சதைப்பற்றான மீன், பெரிய முள், கையில் தெளிவாகத் தெரியும். கணவாய்ப் பிரட்டலில் முள்ளே கிடையாது. ஆனால் கணவாயைக் குறைந்த நேரம் சமைக்கத் தெரிந்த இடமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பராகிவிடும். அப்புறம் சுறாப்புட்டு. வேகவைத்து, தோலை நீக்கி, உதிர்த்து, வெங்காயமும் பூண்டும் போட்டு வதக்கினது. முள் பயம் உள்ளவர்களை மீன் பக்கம் இழுத்துவருகிற பதார்த்தம் இதுதான். நண்டு பிடிக்கும் என்றால் குழம்பாகக் கேளுங்கள். ஓட்டுக்குள் இறங்கின மசாலாவை உறிஞ்சத்தான் நண்டு, வறுவலில் அது கிடைக்காது. காரல், முரல் பக்கம் அவர் போகவே வேண்டாம்.

சமைத்துத் தர ஆள் கிடைக்காவிட்டால் சனிக்கிழமை மதியத்துக்கு வீட்டுச் சாப்பாடு போடுகிற சின்ன மெஸ்ஸாகப் பாருங்கள். நல்ல இடத்துக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். உள்ளே போனதும் மெனு அட்டையை நீட்டாமல் "இன்னிக்கு விளைமீனும் ஊளியும் இருக்கு" என்று வாயால் சொல்ல வேண்டும். எல்லா நாளும் எல்லா மீனும் இருக்கிற கடையில் ஐஸ்பெட்டிதான் பெரியது என்று அர்த்தம். பச்சையாக மீனைக் காட்டச் சொல்லுங்கள், அப்படிக் கேட்பது இங்கே தவறில்லை. சிங்கி இறால் வேண்டும் என்றால் எடை போட்டு, விலை சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகு சமைக்கச் சொல்லுங்கள். பில்லில் வருகிற சண்டைகள் பெரும்பாலும் அதில்தான். முட்டையோடு இருக்கிற சிங்கி இறாலை எடுத்து வந்து பெருமையாகக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒன்றில் அடுத்த தலைமுறையே இருக்கிறது.

மதியம் தூங்குங்கள். இந்த ஊர் வெயிலில் ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் பார்க்க ஒன்றும் இல்லை.

மாலையில் பழைய ஊர். பனிமய மாதா ஆலயத்தை ஊரில் பெரிய கோயில் என்போம். ஞாயிறு காலை பூசைக் கூட்டத்தில் உள்ளே நின்று பார்க்க முடியாது, அதனால் சனிக்கிழமை மாலையே சரி. பீடத்தில் இருக்கிற மாதா சுரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது. இப்போதைய ஆலயம் 1713-ல் எழும்பியது, 1982-ல் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி பெற்றது. ஆண்டுத் திருவிழா ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் முடியும். குறிப்பிட்ட சில ஆண்டுகளில் மட்டும் தங்கத்தேர் இழுப்பார்கள். 2013-லும் 2023-லும் இழுத்தார்கள். அந்தப் பதினோரு நாளில் வந்தால் ஊரின் முழு அழகையும் பார்க்கலாம், ஆனால் அறை கிடைப்பது பெரும்பாடு.

ஆலயத்தின் முன்னால் நின்றுகொண்டு கடல் பக்கம் திரும்பினால் இந்த ஊரின் கதை மொத்தமும் புரிந்துவிடும். முத்துக்குளித்த பரதவர்கள் 1530-களில் போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள், ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். 1658-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் 1750-ல் கட்டிய ஆலயம் இன்றும் பழைய ஊருக்குள் இருக்கிறது. பிறகு ஆங்கிலேயர். எல்லோரும் வந்தது முத்துக்காக. முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் மூச்சைப் பணயம் வைத்து எடுக்கிற சங்கு வங்காளத்துக்குப் போய்க் கல்யாணப் பெண்களின் கையில் வளையலாகிறது.

கடற்கரைச் சாலையில் அப்படியே நடந்தால் பழைய துறைமுகம் வரும். மரத்தோணிகள் கட்டி நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். காய்கறியும் வெங்காயமும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போகிற தோணிகள் அவை. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, ஆங்கிலேயக் கம்பெனிக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்தத் துறையிலிருந்துதான். நான் இந்த ஊரைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் உயர்வது இந்த இடத்தில்தான். வெள்ளைக்காரன் கட்டணத்தைக் குறைத்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறேன் என்று சொன்னபோதும், சுதேசிக் கப்பலுக்குக் காசு கொடுத்துப் போன ஜனங்கள் இருந்த ஊர் இது. அதே ஊரில் 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். தோணிகளைப் பார்த்தபடி இதைப் பற்றி மனைவியிடம் பேசுங்கள்.

முயல் தீவு பற்றி: பெயர் தீவு என்றாலும் புதிய துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது, சாலையிலேயே போய்விடலாம். அலை அதிகம் இல்லாத அமைதியான கடல். நேரம் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் பெரிய இழப்பில்லை. அதற்கப்பால் கடலில் இருக்கிற வான் தீவு, காரியாச்சல்லி போன்றவை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அங்கே இறங்க அனுமதி இல்லை. யாராவது படகில் கூட்டிப்போகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டியே இந்தக் கூட்டத்தில் விலங்குச்சல்லி என்ற தீவு கடலுக்குள் முழுகிப்போனது. கரையில் ஒரு பவளத் துண்டு கிடந்தால்கூட எடுத்துப் பைக்குள் போடாதீர்கள். சட்டப்படியும் குற்றம், மனசாட்சிப்படியும் வேண்டாம்.

சனிக்கிழமை இரவு பரோட்டா. மதியம் மீன் சாப்பிட்ட வயிற்றுக்கு இரவும் மீன் கொடுத்தால் எதுவும் மனதில் நிற்காது. உள்ளங்கை அளவுப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்றி, ஊறின பிறகு சாப்பிட வேண்டும். எண்ணெயில் பொரித்ததும் கிடைக்கும். மொறுமொறுப்புப் பிடித்தவர்களுக்கு அது. கூட்டம் நிற்கிற கடையில் நில்லுங்கள், சால்னா தீர்ந்து தீர்ந்து புதிதாக வரும்.

ஞாயிறு விடியுமுன் ஒரு கார் பேசிக்கொண்டு தெற்கே கிளம்புங்கள். திருச்செந்தூர் 40 கிலோமீட்டர், மணப்பாடு அங்கிருந்து மேலும் 18. இந்த நாளை மீன் இல்லாத நாளாக வைத்ததற்கு இன்னொரு பயன் இங்கே வருகிறது. கோயிலுக்குப் போகிற அன்று கவிச்சி தொடாத வீடுதான் நம்மில் பலருக்கும். முருகனைப் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிறு அதிகாலையில் பார்த்துவிடுங்கள். வாரக் கடைசிக் கூட்டத்தில் எட்டு மணிக்கு மேல் வரிசை எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தரிசனம் முக்கியமில்லை என்றால் கோபுரத்தை வெளியிலிருந்து கும்பிட்டுவிட்டுக் கிளம்புவதே உத்தமம்.

போகிற சாலையையே ஒரு காட்சியாகப் பாருங்கள். முள்ளக்காடு தாண்டும்போது இரண்டு பக்கமும் உப்பளம். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில்தான் விளைகிறது. மழை முடிந்து பாத்தி கட்டி, பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை உப்பு வாருவார்கள். வெயில் ஏறினால் வெள்ளைப் பாத்தியிலிருந்து வருகிற கூச்சம் கண்ணைக் குத்தும் என்பதால் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். நீங்கள் போகிற நேரத்தில் முழங்கால்வரை துணியைச் சுற்றிக்கொண்டு, நீண்ட வாருபலகையால் உப்பை இழுத்துக் குவிக்கிறவர்களைப் பார்ப்பீர்கள். உப்புத்தண்ணீரில் நின்று நின்று காலில் வெடிப்பு வந்த ஜனங்கள் அவர்கள். பாத்தியின் வரப்பில் இறங்கி நடக்காதீர்கள், சாலையிலிருந்தே பார்த்தால் போதும். அடுத்து முக்காணியில் தாமிரபரணிப் பாலம். அதன் இரு பக்கமும் வாழை, கொஞ்சம் தள்ளி ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்கால். அரை மணி முன்னால் பார்த்த உப்புப் பாலையும் இந்தப் பச்சையும் ஒரே சாலையில் இருக்கின்றன.

மணப்பாடுதான் இந்த ஞாயிற்றுக்கிழமையின் நடுநாயகம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு மணற்குன்று, அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம். புயலில் சிக்கிய போர்த்துகீசியக் கப்பலின் தலைவர் ஒருவர், பிழைத்தால் சிலுவை நடுவேன் என்று நேர்ந்துகொண்டு, கரை சேர்ந்ததும் உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து 1540-ல் இந்தக் குன்றில் நட்டார் என்பது ஊரின் நம்பிக்கை. ஆலயம் 1581-ஐச் சேர்ந்தது. குன்றின் கடல் பக்கச் சரிவில் சவேரியார் தங்கியதாகச் சொல்கிற குகை இருக்கிறது. உள்ளே குனிந்துதான் போக வேண்டும். மேலே நின்றால் ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் கழிமுகத்தின் தேங்கிய நீர், நடுவில் ஓட்டு வீடுகளும் கோபுரங்களுமாக ஊர். ஒன்பது மணிக்கு முன் இருந்துவிடுங்கள், பிறகு நிழல் கிடையாது. செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டிய நாட்களில் மட்டும் கூட்டம் நெரியும். ஊருக்குள் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். சென்னைக்கு எடுத்துப்போக அதைவிட நல்ல பொருள் இந்தப் பக்கம் இல்லை.

திரும்பும்போது உடன்குடியில் கருப்பட்டி வாங்குங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின பொருள், அதனாலேயே சீனி கலந்த போலிகளும் அதிகம். உடைத்துப் பாருங்கள். உள்ளே பளபளவென்று சீனிக்கல் மாதிரி மின்னினால் வேண்டாம், மங்கலாக இருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குத் தூத்துக்குடி வந்துவிடுங்கள், அன்று பிரியாணியோ சைவச் சாப்பாடோ போதும். மீன் வாசனை இல்லாமல் முடியாது என்றால் கருவாட்டுக் குழம்பு கேளுங்கள், அதற்கு ஞாயிறு திங்கள் கிடையாது.

கிளம்புமுன் மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, இவ்வளவுதான். வெள்ளைக்கருவை நுரை நிமிர்ந்து நிற்கும்வரை அடித்து, மற்றதைக் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் காயவிட வேண்டும். வாயில் போட்டதும் மேல் ஓடு நொறுங்கி, உள்ளே முந்திரி கொஞ்சம் மெல்லுகிற மாதிரி நிற்க வேண்டும். காற்றுப் பட்டால் நமத்துவிடும். காற்றுப்புகாத டப்பாவில் கேட்டு வாங்குங்கள், அடுக்கும்போது மேலே கனமாக எதையும் வைக்காதீர்கள்.

மீனும் கொண்டுபோக வேண்டும் என்றால் சனிக்கிழமையே வாங்கி, தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடைத்து வைக்கச் சொல்லுங்கள். மீன்பிடித் துறைமுகப் பக்கம் இது வழக்கமான வேலைதான். முழு மீனாக வேண்டாம், குடலும் செவுளும் எடுத்துக் கழுவினதாக இருக்கட்டும். ஞாயிறு மாலை ஐஸை மாற்றிவிட்டு ரயில் ஏறுங்கள். கருவாட்டை மட்டும் இரண்டு மூன்று உறை போட்டுக் கட்டுங்கள், அதே பெட்டியில் இன்னும் எழுபது பேர் தூங்க வேண்டும்.

எந்த மாதம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் பாதியைத் தீர்மானிக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயிலும் தாங்கும், கடலும் ஒத்துழைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, நாட்டுப்படகுகள் போகும். மீன் கிடைக்கும், விலை ஏறியிருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று மண்ணை வாரி முகத்தில் போடும், கடற்கரை மாலைகளுக்கு ஏற்ற காலம் இல்லை. நவம்பர், டிசம்பரில் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது, ரயிலும் சாலையும் நாள்கணக்கில் நின்றன. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமையைப் பாருங்கள், உப்பளத்திலும் வேலை தொடங்கியிருக்கும்.